ஆசிரியரின் பக்கம், மாணவரின் முகம்

கொல்கத்தாவிலிருந்து வந்த இரண்டு செய்திகளோடு தொடங்குகிறேன். 2012 ஏப்ரலில் யாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் வேதியியல் பேராசிரியர் அம்பிகேஷ் மகாபாத்ரா கைது செய்யப்பட்டார். முதலமைச்சர் மம்தா பானர்ஜியைக் கேலி செய்யும் கார்ட்டூன் ஒன்றைத் தம் குடியிருப்புச் சங்கத்தாருக்கு மின்னஞ்சலில் அனுப்பினார் என்பதுதான் குற்றம். அவர்மீது பாய்ந்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவே செல்லாது என்று 2015 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனாலும் அந்த மனிதர் வழக்கிலிருந்து விடுபட 2023 ஜனவரி ஆயிற்று. இரண்டாவது செய்தி 2021-ஐச் சேர்ந்தது. அதே நகரின் தனியார் பல்கலைக்கழகம் ஒன்றில் புதிதாகச் சேர்ந்திருந்த உதவிப் பேராசிரியை நீச்சலுடையில் இருக்கும் இன்ஸ்டாகிராம் படங்களைத் தம் மகன் பார்த்துக்கொண்டிருந்ததாக ஒரு தந்தை நிர்வாகத்துக்குப் புகார் எழுதினார். படங்கள் பணியில் சேருமுன் போட்டவை, கணக்கு எல்லாருக்கும் திறந்ததல்ல, ஒரு நாளில் மறைந்துவிடும் ஸ்டோரிகள் அவை என்கிறார் அந்தப் பேராசிரியை. தம்மைக் கட்டாயப்படுத்தி ராஜினாமா வாங்கினார்கள் என்பது அவருடைய குற்றச்சாட்டு. அவராகவே விலகினார் என்பது நிர்வாகத்தின் பதில். யார் சொல்வது உண்மை என்று தீர்ப்புச் சொல்லும் இடத்தில் நான் இல்லை. இரண்டு விவகாரங்களிலும் முதலில் எழுந்திருக்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இதனால் எந்த மாணவருக்கு என்ன கெட்டுப்போயிற்று?

இந்தக் கேள்வியை நம் பள்ளி நிர்வாகங்களும் கல்வித் துறைகளும் கேட்பது அபூர்வம். ஆசிரியரின் இணைய வாழ்க்கையைப் பற்றி அவை கவலைப்படும்போது பெரும்பாலும் ஆசிரியரின் பிம்பத்தைப் பற்றியே கவலைப்படுகின்றன. என்ன உடுத்தினார், கையில் என்ன கோப்பை வைத்திருந்தார், யாரைக் கிண்டலடித்தார் என்றே விசாரணை போகிறது. இரவு பத்து மணிக்கு ஆசிரியரின் எண்ணிலிருந்து ஒரு பிள்ளைக்குத் தனியாகப் போகும் செய்தியும், நான்காம் வகுப்புக் குழந்தையின் முகம் ஆசிரியரின் சொந்தச் சானலில் ஓடுவதும் புகாராக வெடிக்கும்வரை யார் கண்ணிலும் படுவதில்லை. கண்காணிப்பு தலைகீழாக நடக்கிறது என்பதே என் வாதம். எல்லைக்கோட்டை ஆசிரியரைச் சுற்றி வரைகிறோம். மாணவரைச் சுற்றி வரைய வேண்டும். ஒரு பதிவிலோ செய்தியிலோ மாணவர் எங்காவது இருக்கிறாரா? அதைப் பெறுபவராக, காட்சிப்பொருளாக, பேசுபொருளாக, அல்லது அதைப் படித்தபின் இந்த ஆசிரியர் நம்மைச் சமமாக நடத்துவாரா என்று அஞ்ச வேண்டியவராக? இருந்தால் ஆசிரியருக்குக் கடமை உண்டு, நிர்வாகத்துக்குக் கேட்கும் உரிமையும் உண்டு. இல்லையென்றால் அது அவர் வீட்டு விஷயம், அல்லது குடிமகனாக அவர் பேசும் பேச்சு.

ஆசிரியரின் வீட்டுக்குள் எட்டிப் பார்க்கும் வழக்கத்தை இணையம் தொடங்கி வைக்கவில்லை. இங்கிலாந்தில் ஆசிரியை திருமணம் செய்துகொண்டால் வேலையை விட வேண்டும் என்ற நடைமுறை 1944-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தோடுதான் ஒழிந்தது. அயர்லாந்தின் தொடக்கப் பள்ளிகளில் 1934 முதல் 1958 வரை அதே தடை இருந்தது. அதே அயர்லாந்தில் நியூ ராஸ் என்னும் ஊரில் கன்னியர் மடம் நடத்திய பள்ளி, மனைவியைப் பிரிந்த ஒருவரோடு வாழ்ந்து குழந்தை பெற்ற ஆசிரியையை 1982-இல் நீக்கியது. 1985-இல் உயர் நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. அப்போது முகநூலும் இல்லை, கைப்பேசியும் இல்லை. ஊர் வாய் இருந்தது, அது போதுமானதாக இருந்தது. இணையம் செய்தது என்னவென்றால், முன்பு தனித்தனியாக இருந்த கேட்போர் அவைகளை ஒன்றாக்கிவிட்டது. தங்கையிடம் பேசும் பேச்சு ஒன்று, சங்கத் தோழரிடம் பேசுவது ஒன்று, தலைமையாசிரியரிடம் பேசுவது ஒன்று, பெற்றோரிடம் பேசுவது இன்னொன்று. மனிதர்கள் இதை யாரும் சொல்லித்தராமலே பிரித்துப் பழகியிருந்தார்கள். இன்று வாட்ஸப் ஸ்டேட்டஸை எடுத்துக்கொள்ளுங்கள். அமைப்பை மாற்றாவிட்டால் நீங்கள் சேமித்து வைத்த எண்கள் அத்தனைக்கும், அவர்களும் உங்கள் எண்ணைச் சேமித்திருந்தால், அது போய்ச் சேரும். 2020-இன் ஊரடங்கில் ஐம்பது பெற்றோரின் எண்களைச் சேமித்த ஆசிரியை அன்று முதல் தம் அண்ணன் வீட்டு வளைகாப்பையும், பிடித்த பாட்டையும், மனம் சோர்ந்த நாளின் வரிகளையும் அந்த ஐம்பது வீடுகளுக்கும் அனுப்பிக்கொண்டிருக்கிறார். வெளிச்சம் போட்டுக் காட்ட அவர் விரும்பவில்லை; கருவியின் இயல்பு அப்படி. இதை ஒழுக்கக் கேடாகப் பார்ப்பவர்கள் கருவியை அறியாதவர்கள்.

இங்கே முதல் மறுப்பு வரும். மாதா, பிதாவுக்கு அடுத்து குருவை வைத்த சமூகம் இது. மற்ற வேலைக்காரர்களைப் போல் ஆசிரியரைப் பார்க்க முடியுமா, அவர் முன்மாதிரி அல்லவா என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் எதற்கு முன்மாதிரி என்பதைச் சொல்லாமல் இந்த வாதத்தை வைத்தால், யார் கையில் அதிகாரம் இருக்கிறதோ அவருடைய ரசனைக்கு முன்மாதிரி என்றே அது முடியும். 2009-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளி ஆசிரியை வேலையை விட நேர்ந்தது. ஐரோப்பியப் பயணத்தில் ஒரு கையில் ஒயின் கோப்பையும் மறு கையில் பீர் கோப்பையுமாக அவர் நின்ற படம் முகநூலில் இருந்தது. பெயர் தெரியாத ஒருவர் அதைப் பற்றி மின்னஞ்சல் அனுப்பினார். குடிக்கும் வயது வந்தவர், குடிப்பது சட்டப்படி சரியான நாடுகளில், விடுமுறையில் எடுத்துக்கொண்ட படம். ஒரு மாணவரும் பாதிக்கப்பட்டதாகக் காட்டப்படவில்லை. நாளைக்கு ஆசிரியர் கோயில் திருவிழாவில் ஆடியதும், மறுமணம் செய்துகொண்டதும், மாட்டிறைச்சி தின்றதும் இதே தராசில் ஏறும். நான் சொன்னவற்றில் உடையும் உறவும் கோப்பையும் பற்றிய மூன்று விவகாரங்களிலும் சிக்கியவர்கள் பெண்கள் என்பதைத் தற்செயல் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. ஆண் ஆசிரியர் கடற்கரையில் சட்டையில்லாமல் நிற்கும் படத்துக்கு எந்தத் தந்தையும் புகார் எழுதுவதில்லை. படத்தையே போடாமல் இருந்தால் வம்பில்லையே என்பவர்களுக்கு ஒரு சொல்: இன்று ஒரு பெண்ணின் முகம் கிடைத்தால் போலிப் படத்தைக் கணினியே செய்துவிடும். முகத்தை மறைத்துக்கொள் என்று ஆசிரியைக்குச் சொல்வது திருடனை விட்டுவிட்டு வீட்டுக்காரரைத் திட்டுவதுதான். ஆசிரியர் முன்மாதிரியாக இருக்க வேண்டியது பாரபட்சமின்மைக்கு, சொன்னதைச் சரிபார்த்துச் சொல்லும் நேர்மைக்கு. அந்த இரண்டையும் இணையத்தில் மீறும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். சரிபார்க்காத மருத்துவக் குறிப்பையும் பொய்ச் செய்தியையும் குழுக்களில் முன்னனுப்பும் அறிவியல் ஆசிரியரின் மரியாதைதான் உண்மையில் ஆபத்தில் இருக்கிறது. அதைப் பற்றி யாரும் புகார் எழுதக் காணோம்.

இரண்டாவது மறுப்பு அரசுப் பணியாளர் என்ற பக்கத்திலிருந்து வருகிறது. சம்பளம் தரும் அரசை ஆசிரியர் முகநூலில் குறை சொல்லலாமா? தமிழ்நாட்டு அரசுப் பணியாளர் நடத்தை விதிகள் 1973-இல் வந்தவை; பத்திரிகையும் வானொலியும் மட்டுமே ஊடகமாக இருந்த காலத்து மனம் அவற்றில் இருக்கிறது. கட்சி அரசியலில் இறங்கக் கூடாது என்பதில் எனக்கு மறுப்பில்லை. தேர்தல் நாளில் வாக்குச்சாவடி அதிகாரியாக உட்காரப் போகிறவர் முந்தின வாரம் ஒரு சின்னத்துக்கு வாக்குக் கேட்டுப் பதிவு போட்டால் அவரை யார் நம்புவது? ஆனால் கல்வியைப் பற்றிப் பேசுவது வேறு. இல்லினாய் மாநிலத்தில் மார்வின் பிக்கரிங் என்ற ஆசிரியர், பள்ளி வாரியம் படிப்பையும் விளையாட்டையும் எந்தக் கணக்கில் வைத்துப் பணம் செலவிடுகிறது என்று உள்ளூர்ப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார், வேலை போயிற்று. 1968-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த நீக்கம் தவறு என்றது. தீர்ப்பை எழுதியவர் தர்குட் மார்ஷல். அதன் சாரம் ஆசிரியரின் உரிமையை மட்டும் பற்றியதல்ல. பள்ளிக்கு வரும் பணம் எப்படிச் செலவாகிறது என்பதை மற்றவர்களைவிட ஆசிரியர்களே அறிவார்கள், ஆகவே அவர்கள் வாயை மூடினால் நட்டம் வாக்களிக்கும் மக்களுக்கு என்பதும் அதில் இருந்தது. இந்தத் தர்க்கத்துக்கு உரைகல்லாக நமக்குப் பக்கத்திலேயே ஒரு நிகழ்வு உண்டு. 2022-இல் இலங்கை பொருளாதார நெருக்கடியில் தவித்தபோது, பிள்ளைகள் பசியால் பள்ளியில் மயங்கி விழுகிறார்கள் என்று ஆசிரியர்களும் சுகாதார அலுவலர்களும் வெளியே சொல்லத் தொடங்கினார்கள். செப்டம்பர் இறுதியில் அரசு ஊழியர்கள் சமூக ஊடகங்களில் கருத்துச் சொல்வது ஒழுங்கு நடவடிக்கைக்குரிய குற்றம் என்று சுற்றறிக்கை வந்தது. காலை வணக்கத்தில் எந்தப் பிள்ளை சாய்கிறது என்று பார்ப்பவர் ஆசிரியர்தான். அவர் பேசுவதைக் கட்டுப்பாடு குலைவதாகக் கொண்டால், கட்டுப்பாடு என்பது யாருடைய நலனுக்கு? நம் உயர் நீதிமன்றமும் இந்தப் பக்கமாக ஓர் அடி வைத்திருக்கிறது. தமிழ்நாடு கிராம வங்கியின் ஊழியர் ஒருவர் சக ஊழியர்களின் வாட்ஸப் குழுவில் நிர்வாகத்தைச் சாடியதற்குத் தரப்பட்ட குற்றச்சாட்டுக் குறிப்பாணையை 2023-இல் மதுரைக் கிளையின் நீதிபதி ஜி. ஆர். சுவாமிநாதன் ரத்து செய்தார். மனக்குறையைக் கொட்டித் தீர்க்க ஊழியருக்கு உரிமை உண்டு, அதனால் நிறுவனத்தின் பெயர் கெட்டால்தான் நிர்வாகம் தலையிடலாம் என்பது அவர் சொன்னதன் சாரம். வங்கி ஊழியருக்கு உள்ளது வாத்தியாருக்கு இல்லாமல் போகுமா?

அப்படியானால் மாணவரைக் குறிப்பிடாத வரை ஆசிரியர் எதையும் எழுதலாமா என்று கேட்பீர்கள். முடியாது. இந்த இடம்தான் என் வாதத்தில் கடினமானது, கனடாவின் ஒரு வழக்கு இதைத் தெளிவாக்குகிறது. நியூ பிரன்சுவிக் மாகாணத்தில் மான்க்டன் என்ற ஊரில் மால்கம் ராஸ் என்ற ஆசிரியர் இருந்தார். யூதர்களுக்கு எதிரான நூல்களை, சிறு வெளியீடுகளைப் பணிநேரத்துக்கு வெளியே எழுதி வந்தார். பத்திரிகைகளுக்குக் கடிதம் எழுதினார், உள்ளூர்த் தொலைக்காட்சியிலும் பேசினார். வகுப்புக்குள் அவர் அதைப் பேசியதாகச் சான்று இல்லை. யூதப் பெற்றோர் ஒருவர் முறையிட்டார். 1996 ஏப்ரலில் கனடாவின் உச்ச நீதிமன்றம் அவரை வகுப்பறையிலிருந்து விலக்கியது சரி என்றது. வெளியே எல்லாரும் அறிய ஓர் இனத்தை இழிவாக எழுதுகிறவர் கற்பிக்கும் பள்ளியில் அந்த இனத்துப் பிள்ளை சமமாக மூச்சுவிட முடியாது என்று ஊகிப்பது நியாயமே என்றது. ஆனால் அதே தீர்ப்பில் இன்னொரு பகுதி உண்டு; அதைப் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். கற்பித்தல் அல்லாத வேலைக்கு மாற்றப்பட்ட பிறகும் இப்படி எழுதினால் வேலை போகும் என்றிருந்த கட்டளையை நீதிமன்றம் நீக்கிவிட்டது. பிள்ளைகளுக்கு முன் நிற்காத மனிதரின் பேச்சு, எவ்வளவு வெறுக்கத்தக்கதாக இருந்தாலும், பள்ளி வாரியத்தின் அதிகாரத்துக்கு அப்பாற்பட்டது. எல்லைக்கோடு எங்கே விழுந்தது பாருங்கள். அந்த ஆசிரியர் நல்லவரா கெட்டவரா என்ற இடத்தில் விழவில்லை. பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் இடத்தின் விளிம்பில் விழுந்தது.

யூதர் என்ற இடத்தில் நம் ஊரில் சாதியை வைத்துப் படிக்க வேண்டும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவரையும் அவர் தங்கையையும் உடன் படிக்கும் பையன்கள் வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு அமைக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. மாணவர் சாதி அடையாளமாகக் கையில் கட்டும் வண்ணக் கயிறுகளைப் பற்றிப் பேசிய அந்த அறிக்கை, ஆசிரியர்களைக் காலமுறையில் இடமாற்றம் செய்வது பற்றியும், ஒரு பகுதியில் ஆதிக்கம் செலுத்தும் சாதியைச் சேர்ந்தவரை அங்கே தலைமையாசிரியராகவும் கல்வி அலுவலராகவும் அமர்த்தாமல் இருப்பது பற்றியும் பரிந்துரைத்தது. கயிற்றைக் கழற்றச் சொல்லும் ஆசிரியரின் வாட்ஸப் முகப்புப் படத்தில் சாதிச் சங்கத் தலைவரின் படம் இருந்தால் பையன் எதைப் படிப்பான்? குருபூஜைக்குப் போட்ட ஸ்டேட்டஸ், சாதிப் பெருமைப் பாட்டுக்கு வைத்த ரீல், காதல் திருமணத்தைப் பழிக்கும் முன்னனுப்பல் எல்லாம் அவர் சொந்த நேரத்தில் சொந்த போனில் செய்தவைதான். ஆனால் அந்த ஸ்டேட்டஸ் சேரும் வீடுகளில் ஊரின் இரண்டு தெருக்களும் இருக்கின்றன. செய்முறைத் தேர்வின் மதிப்பெண்ணும் அகமதிப்பீடும் நன்னடத்தைச் சான்றும் இந்த ஆசிரியர் கையில்தான் என்பதை அந்த வீடுகள் அறியும். நீச்சலுடைப் படத்தையும் இதையும் ஒரே தட்டில் வைத்து 'ஆசிரியருக்குப் பொருந்தாத நடத்தை' என்று ஒரே சொல்லால் அழைப்பது சோம்பேறித்தனம். முன்னது யாரையும் தாழ்த்தவில்லை. பின்னது வகுப்பில் பாதிப் பிள்ளைகளை, அவர் வாய் திறக்காமலே, பின் பெஞ்சுக்குத் தள்ளுகிறது. நிர்வாகம் விசாரணையைத் தொடங்க வேண்டிய இடம் இதுவே. இங்கேதான் அது கண்ணை மூடிக்கொள்கிறது.

அடுத்து நேரடித் தொடர்பு. ஆசிரியரும் மாணவரும் தனித்த செய்திகளில் பேசிக்கொள்வது. போக்சோ என்று நாம் அழைக்கும் 2012-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு, பாலியல் நோக்கத்தோடு குழந்தையை மின்னணு வழியில் திரும்பத் திரும்பத் தொடர்புகொள்வதையும் குற்றத்தில் சேர்க்கிறது. குற்றவாளிக்குச் சட்டம் இருக்கிறது. என் கவலை குற்றத்துக்கு வெகுதூரம் முன்னால் இருக்கும் சாதாரண நாள்களைப் பற்றியது. 2021-இல் சென்னையில் இணைய வகுப்புகளில் பாலியல் தொல்லை என்ற புகார்கள் வெடித்தபின் தமிழ்நாடு அரசு நெறிமுறை வெளியிட்டது: பள்ளிதோறும் மாணவர் பாதுகாப்பு ஆலோசனைக் குழு, இணைய வகுப்புகளைப் பதிவு செய்தல் முதலியவை. நல்லவை. ஆனால் வகுப்பு முடிந்தபின் ஆசிரியரின் சொந்த எண்ணில் தொடரும் பேச்சை எந்தப் பதிவும் எட்டாது. தடை போட்டுவிடலாமே என்றால், மிசௌரி மாநிலம் 2011-இல் அதைச் செய்து பார்த்தது. மாணவரோடு தனியாகப் பேச வழியுள்ள எந்த இணையதளத்தையும் ஆசிரியர் பயன்படுத்தக் கூடாது என்று சட்டம் போட்டார்கள். தம் பிள்ளை தம் பள்ளியிலேயே படித்தால் அந்தப் பிள்ளையோடும் முகநூலில் பேசக் கூடாது என்று பொருள்படும் அளவுக்கு அதன் வாசகம் அகலமாக இருந்தது. ஆகஸ்டில் நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. அக்டோபருக்குள் சட்டமன்றமே அந்தப் பகுதியைத் திரும்பப் பெற்று, ஒவ்வொரு பள்ளி மாவட்டமும் தானே விதி வகுக்கட்டும் என்று விட்டுவிட்டது. நோக்கம் சரி, வழிதான் தவறு.

இங்கே எழும் மறுப்பை நான் மதிக்கிறேன். டியூஷனுக்குப் பணமில்லாத பிள்ளைக்கு இரவில் சந்தேகம் கேட்க ஆசிரியரின் எண் ஒன்றுதான் இருக்கிறது. வீட்டில் அடிபடும் பெண்பிள்ளை வேறு யாரிடம் சொல்லும்? உண்மை. அந்த வழியை அடைக்கச் சொல்லவில்லை, பேச்சு நடக்கும் அறையின் கதவைத் திறந்து வையுங்கள் என்கிறேன். சந்தேகத்தைக் குழுவில் கேட்கட்டும், பதிலும் குழுவில் வரட்டும். கேட்கக் கூச்சப்பட்ட இன்னும் பத்துப் பேருக்கு அது உதவும். தனியாகப் பேச வேண்டி வந்தால் பெற்றோரோ இன்னோர் ஆசிரியையோ அதில் இருக்கட்டும். நேரம் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிய துன்பத்தோடு வரும் பிள்ளையிடம் யாருக்கும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுக்க ஆசிரியருக்கு அதிகாரமே இல்லை. பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால் தெரிவித்தாக வேண்டும் என்று போக்சோவின் 19-ஆம் பிரிவு கட்டாயமாக்கியிருக்கிறது. 1098, 14417 என்ற உதவி எண்கள் அதற்குத்தான் இருக்கின்றன. பெற்றோர் குழு என்று நாம் நினைக்கும் வாட்ஸப் குழுவும் பல வீடுகளில் பிள்ளைகளின் குழுதான், ஏனென்றால் வீட்டில் இருப்பது ஒரே போன், அதை மாலையில் வைத்திருப்பது பிள்ளை. நீங்கள் தந்தைக்கு என்று எழுதும் வரியை எட்டாம் வகுப்புப் பையன் முதலில் படிக்கிறான். இது நினைவிருந்தால் பாதி எச்சரிக்கை தானாக வந்துவிடும்.

அரசையும் இங்கே கேட்க வேண்டியிருக்கிறது. ஆசிரியரின் சொந்த வாழ்க்கைக்கும் பணிக்கும் நடுவே இருந்த சுவரை இடித்தது முதலில் யார்? வருகைப் பதிவுக்கு டிஎன்எஸ்இடி செயலி, எமிஸ் தரவுத்தளத்தில் பதிவேற்றம், வட்டாரக் கல்வி அலுவலரின் வாட்ஸப் குழு, அதில் ஞாயிறு இரவு வரும் 'உடனடியாக விவரம் அனுப்பவும்'. இவை பெருமளவு ஓடுவது ஆசிரியர் தம் காசில் வாங்கிய போனில், தம் காசில் போட்ட டேட்டாவில். ஆசிரியர் சங்கங்கள் ஆண்டுக்கணக்கில் முறையிட்டு வருகின்றன. தனக்குத் தேவைப்படும்போது அந்தப் போனை அலுவலகமாக்கிக்கொள்ளும் துறை, அதே போனில் ஆசிரியரின் வீடும் இருக்கிறது என்று கண்டு திடுக்கிடுவது வேடிக்கை. பள்ளிக்கென்று ஒரு போன், பள்ளிக்கென்று ஓர் எண் கொடுத்தால் நான் இதுவரை சொன்ன சிக்கல்களில் கணிசமானவை எழவே எழா. ஸ்டேட்டஸ் ஐம்பது வீடுகளுக்குப் போகாது. பிள்ளையின் செய்தி ஆசிரியரின் சொந்தப் பெட்டிக்கு வராது. தலைமையாசிரியர் வேண்டும்போது பார்க்கலாம். விதி எழுதுவதைவிட இதற்குச் செலவு கூடுதல் என்பதால்தான் விதி எழுதுகிறார்கள் போலும்.

கடைசியாக, நம் ஆசிரியர்கள் மிகவும் சாதாரணமாகச் செய்வதும், எனக்கு மிகவும் உறுத்துவதுமான ஒன்றுக்கு வருகிறேன். வகுப்புப் பிள்ளைகளை வைத்து ரீல் போடுவது. ஆசிரியை ஆட, பிள்ளைகள் ஆட, பின்னால் சினிமாப் பாட்டு. மழலையில் தப்பாகப் பதில் சொல்லும் குழந்தை, கீழே சிரிப்புக் குறிகள். வறிய பிள்ளைக்குச் செருப்போ சைக்கிளோ வாங்கிக் கொடுத்து, அதன் அப்பா இறந்த கதையோடு போடும் வீடியோ. போடுகிறவர்களில் பெரும்பாலோர் பாசமுள்ளவர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அரசுப் பள்ளியைப் பற்றி நல்லதாக நாலு பேர் பார்த்தால் சேர்க்கை கூடுகிறது, நன்கொடை வருகிறது, ஒரு பாடத்தை எப்படி நடத்தலாம் என்று அடுத்த மாவட்டத்து ஆசிரியர் கற்றுக்கொள்கிறார் என்று சொல்வார்கள். அதுவும் உண்மையே. ஆனால் இவற்றுக்குப் பிள்ளையின் முகமும் பெயரும் துயரமும் எதற்கு? கரும்பலகையைக் காட்டலாம், எழுதும் கையைக் காட்டலாம், செய்த மாதிரியைக் காட்டலாம், பின்னாலிருந்து வகுப்பைக் காட்டலாம். பத்து வயதில் தப்பாகச் சொன்ன பதில் இருபத்தைந்து வயதில் வேலைக்குப் போகும்போதும் தேடினால் கிடைக்கும் என்பதற்கு அந்தக் குழந்தை எப்போது சம்மதித்தது? பெற்றோர் சரி என்றார்களே என்றால், மதிப்பெண் போடும் ஆசிரியர் கேட்கும்போது வேண்டாம் என்று சொல்லத் துணியும் கூலித் தொழிலாளி எத்தனை பேர்? 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயதுக்குட்பட்டோரின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது. ஒருவர் தம் சொந்த, வீட்டுத் தேவைக்குச் செய்வதற்கு அதில் விலக்கு உண்டு. முகம் தெரியாத ஆயிரக்கணக்கானோர் பார்க்க, விளம்பரமும் ஓடும் சானல் எந்த வீட்டுத் தேவையில் சேரும் என்று எனக்குப் புரியவில்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு ஆசிரியர் தனிப்பயிற்சி நடத்தக் கூடாது என்கிறது. பணிபுரியும் வகுப்பையே காட்சியாக்கிப் பணம் வந்தால் அது அதைவிட மேலானதா? இதே வகையில் இன்னொன்றும் உண்டு. பென்சில்வேனியாவில் ஓர் ஆங்கில ஆசிரியை பெயர் சொல்லாமலே தம் மாணவர்களைச் சோம்பேறிகள், புலம்புகிறவர்கள் என்ற தொனியில் இணையத்தில் எழுதி வந்தார். 2011-இல் அது வெளியாகிப் பெற்றோர் கொதித்தார்கள், பிறகு வேலை போயிற்று, 2015-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் பள்ளியின் பக்கமே நின்றது. ஜார்ஜியாவின் கோப்பைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடுதான் நான் சொல்ல வந்தது முழுவதும். அந்தப் படத்தில் மாணவர் இல்லை. இந்த எழுத்தின் பேசுபொருளே மாணவர்.

துறை அதிகாரிகள் இந்த அவையில் இருந்தால், ஆசிரியரின் உடையையும் உணவையும் அரசியல் கருத்தையும் எண்ணிப் பட்டியலிடும் சுற்றறிக்கை எதையும் எழுத வேண்டாம், பள்ளிக்கு ஒரு போன் வாங்கிக் கொடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். தலைமையாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: உங்கள் ஆசிரியையின் படத்தைக் காட்டி யாராவது புகார் சொன்னால், இதில் எந்தப் பிள்ளைக்கு என்ன தீங்கு என்று எழுத்தில் கேளுங்கள், பதில் இல்லையென்றால் புகார்க் கோப்பை அங்கேயே மூடுங்கள். ஆசிரியர்களே, பள்ளியைப் பற்றியும் கல்வியைப் பற்றியும் உங்கள் பெயரில், சான்றோடு, தயங்காமல் எழுதுங்கள். நீங்கள் எழுதாவிட்டால் அதை எழுத வேறு ஆள் இல்லை. ஆனால் இன்றிரவு வீட்டுக்குப் போனதும் உங்கள் சொந்தப் பக்கத்தைத் திறந்து, வகுப்புப் பிள்ளைகளின் முகம் தெரியும் படங்களையும் வீடியோக்களையும், எவ்வளவு லைக் வாங்கியிருந்தாலும், ஒவ்வொன்றாக எடுத்துவிடுங்கள்.